கோமாளி மீனும் கடல் சாமந்தியும்: வீட்டுத் தொட்டியில் சேர்ந்து வாழ வைப்பது எப்படி

கடல் மீன் தொட்டி புதிதாக வைத்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணே, அனிமோன் வாங்கி விட்டாச்சு, க்ளவுனும் ரெண்டு விட்டாச்சு. மீன் அந்தப் பக்கமே போவ மாட்டேங்குது. என்ன செய்ய?"

கேட்பவர்களுக்குக் கவலையெல்லாம் மீனைப் பற்றி. நான் திருப்பிக் கேட்பது அனிமோனைப் பற்றி, அதாவது பூ மாதிரி விரியும் கடல் சாமந்தி என்ற உயிரைப் பற்றி. எங்கே இருக்கிறது, கால் ஊன்றிவிட்டதா, பகலில் எவ்வளவு விரிகிறது, வாய் மூடியிருக்கிறதா, நிறம் என்ன. பெரும்பாலும் பதில் அங்கேதான் கிடைக்கும். நிலைகொண்டு நன்றாக விரிந்த சாமந்தி ஒன்று தொட்டியில் இருந்தால், பொருத்தமான மீன் பெரும்பாலும் தானாகப் போய்ச் சேரும். வாடிக்கொண்டிருக்கும் சாமந்தியிடம் என்ன வித்தை காட்டியும் மீனை அனுப்ப முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சாமந்தியைப் பற்றித்தான் இருக்கும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கடல் கூப்பிடு தூரத்தில். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். காற்றடித்தால் கரண்ட் போகும். இவை மூன்றும் தொட்டியை நேராகப் பாதிக்கும் விஷயங்கள்.

எந்த மீன், எந்தச் சாமந்தி

கடல் சாமந்திகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் கோமாளி மீனைத் தங்க விடுபவை பத்தே வகைதான். கோமாளி மீனில் சுமார் 30 வகை. எந்த மீனும் எந்தச் சாமந்தியிலும் போய் உட்கார்ந்துவிடாது. வாங்கும் முன்பே பொருத்தம் பார்த்துவிட்டால் பின்னால் வரும் மனவருத்தம் பெருமளவு குறையும்.

கடையில் நீமோ என்று கேட்டால் எடுத்துத் தரும் ஆரஞ்சு மீன் பெரும்பாலும் ஒசெல்லாரிஸ். கடலில் அது மூன்று வகைச் சாமந்திகளில் வாழ்கிறது: மேக்னிஃபிகா, ஜைஜான்டியா கார்ப்பெட், மெர்டென்ஸ் கார்ப்பெட். இந்த மூன்றுமே புதியவர் கைக்கு அடங்காதவை. மேக்னிஃபிகா பிடித்த இடம் கிடைக்கும் வரை தொட்டி முழுக்க ஊர்ந்து திரியும். மெர்டென்ஸ் ஒரு மீட்டர் அகலம் வரை விரியக்கூடியது. அதற்கு வீட்டில் தொட்டி வைக்க ஆகாது. ஜைஜான்டியா வந்து இறங்கிய சில வாரங்களிலேயே நோய்ப்பட்டுப் போவது சகஜம்.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது பபிள் டிப் என்ற சாமந்தி. அதன் கைகளின், அதாவது வாயைச் சுற்றி விரல் மாதிரி நீண்டிருப்பவற்றின், நுனி சின்னக் குமிழ் மாதிரி உப்பியிருக்கும். சில சமயம் உப்பாமல் நீளமாகவும் இருக்கும், அது குறையல்ல. மரூன், டொமாட்டோ, கிளார்க்கி ஆகிய மூன்று கோமாளி மீன்களும் கடலிலேயே இதில் தங்குபவை. மரூனும் டொமாட்டோவும் இதைத்தான் முதலில் நாடும். கிளார்க்கிக்குப் பத்து வகையும் சம்மதம். ஒசெல்லாரிஸ் கடலில் பபிள் டிப்பில் தங்குவதில்லை. தொட்டியில் பல நேரம் ஏற்றுக்கொள்கிறது. பல நேரம் என்றுதான் சொல்ல முடியும், உறுதி தர முடியாது.

நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் சீபே என்ற கோமாளி மீன், மணலில் வாழும் ஹட்டோனி கார்ப்பெட்டை நாடும். இந்தக் கார்ப்பெட் பசை மாதிரி ஒட்டும், கடுமையாகக் கொட்டும், அருகில் வரும் வேறு மீனைப் பிடித்துத் தின்றுவிடும். அனுபவம் வந்த பிறகு பார்க்கலாம்.

என் சிபாரிசு இது: மீனும் சாமந்தியும் சேர்வதைப் பார்ப்பதுதான் முதல் ஆசை என்றால் டொமாட்டோ அல்லது கிளார்க்கியுடன் பபிள் டிப். சாதுவான மீன் வேண்டும், காத்திருக்கத் தயார் என்றால் ஒசெல்லாரிஸுடன் பபிள் டிப். மரூன் அழகுதான், ஆனால் வளர்ந்த பெண் மரூன் சின்னத் தொட்டியில் வேறு மீனை நிம்மதியாக இருக்க விடாது. எதுவானாலும் ஒரு தொட்டியில் ஒரே வகையில் ஒரு ஜோடி போதும். இரண்டு வகையைச் சேர்த்துப் போட்டால் சண்டைதான்.

குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் நீண்ட காலம் வேலை செய்திருக்கின்றன; பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையமும் அப்படியே. கடலில் பிடித்த மீனைவிடப் பொரிப்பக மீன் தீனி நன்றாக எடுக்கும், நோய் குறைவு. பிறந்ததிலிருந்து சாமந்தியைக் கண்ணால் பார்த்ததில்லையே, போகுமா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். போகும். சிலது கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான்.

தொட்டிக்கு வயதாக வேண்டும்

புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அது முடிந்ததும் மீன் விடலாம். சாமந்தி விடக் கூடாது. தொட்டி ஓடத் தொடங்கிக் குறைந்தது ஆறு மாதம் கழியட்டும். அதற்குள் மணலில் பழுப்புப் பாசி வந்து போகும், கண்ணாடியில் பச்சைப் பாசி வந்து அடங்கும், நீங்களும் தண்ணீரைச் சோதித்துப் பழகியிருப்பீர்கள். மீன் சின்ன ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், சாமந்தி தாங்காது.

பபிள் டிப்புக்கு 150 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும், 200 இருந்தால் நல்லது. பாறைக்கு ஒரு வார்த்தை: கடற்கரையில் ஒதுங்கிய பவளக் கல்லைத் தூக்கி வந்து போடாதீர்கள். கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடையில் செயற்கைக் கல் கிடைக்கிறது. இடுக்குகள் நிறைய இருக்கும்படி அடுக்குங்கள், அசையாமல் ஒட்டுங்கள்.

தண்ணீர்

இந்தப் பக்கம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஆர்ஓ தண்ணீரில் உப்புத்தூள் கலப்பது. இன்னொன்று கடல் தண்ணீர்.

ஆர்ஓவில் வரும் சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ கருவிகள் பலவற்றில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சுத்தமான தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பதற்காக, கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரை அது திரும்ப உள்ளே கலந்துவிடும். மினரல் கேட்ரிட்ஜ் இருந்தால் அதுவும் எதையாவது சேர்க்கும். குடிக்க நல்லது, தொட்டிக்குக் கெடுதல். ஆர்ஓ மெம்பிரேனுக்கு அடுத்து நேராக ஒரு குழாய் எடுத்து, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் கேட்ரிட்ஜ் வழியாக விட்டுப் பிடியுங்கள். மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். எங்கள் செம்மண் கிணற்றுத் தண்ணீரிலேயே டிடிஎஸ் குறைவுதானே, அதையே கலக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டிடிஎஸ் மீட்டர் மொத்த அளவைத்தான் காட்டும். உள்ளே இருப்பது நைட்ரேட்டா பாஸ்பேட்டா செம்பா என்று சொல்லாது. சாமந்திக்குச் செம்பு விஷம்.

கடல் தண்ணீர் எடுப்பதென்றால் இடம் முக்கியம். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கலக்கிறது, மணக்குடியில் பழையாறு, பூவாரில் நெய்யாறு. பொழி முகங்களுக்கு அருகே எடுத்தால் உப்பு குறைவாக இருக்கும், ஊர் அழுக்கும் சேர்ந்திருக்கும். துறைமுகத்துக்குள் டீசல் படலம். அலைக்கு அப்பால், ஆழமான இடத்தில், படகில் போகிறவர்களிடம் சொல்லி எடுப்பதே சரி. உப்பின் அளவு நம்மைவிட அவர்களுக்குக் கண்ணிலேயே தெரியும். "மக்கா, மழைத் தண்ணி கலந்து கெடக்கு, ரெண்டு நாளு கழிச்சு வா" என்று ஒருவர் சொன்னால் கேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவத்தில் கடல் கலங்கல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இந்த இரண்டு காலத்துக்கும் உப்புத்தூள் கையில் இருக்கட்டும். கொண்டுவந்த கடல் தண்ணீரை நுண்துளைத் துணிப் பையில் வடிகட்டி, மூடிய டிரம்மில் வெளிச்சம் படாமல், ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு வாரமாவது வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள்.

அளவுகள் இப்படி இருக்க வேண்டும். உப்பு லிட்டருக்கு 35 கிராம், அதாவது அடர்த்தி 1.025, 1.026. இதை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் குமிழ் ஒட்டினால் கணக்கு தப்பும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி. பிஎச் 8.1 முதல் 8.4. அல்கலினிட்டி, அதாவது பிஎச் ஆடாமல் தாங்கும் தன்மை, 8 முதல் 11 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), ஆனால் எந்த எண்ணில் வைத்தீர்களோ அதிலேயே நிற்க வேண்டும். கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல். அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள்.

இதில் நம் ஊரில் கஷ்டம் வெப்பம். பங்குனி, சித்திரையில் அறையே 32 டிகிரி இருக்கும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகி இரண்டு டிகிரி வரை இறங்கும். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், மதுரையில் ஃபேன் தரும் பலன் குளச்சலில் கிடைக்காது. வெயில் காலம் முழுக்க 29ஐத் தாண்டுகிறது என்றால் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்கத்தான் வேண்டும், அல்லது ஏசி அறைக்குத் தொட்டியை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் வசதி இல்லை என்றால் சாமந்தி வேண்டாம். மீன் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. உயிர் வெந்து சாவதைவிட வாங்காமல் இருப்பது மேல்.

ஃபேன் ஓடினால் தினமும் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரால் நிரப்பினால் ஒரு மாதத்தில் தொட்டி உப்பளமாகிவிடும். தானாக நிரப்பும் ஆட்டோ டாப் அப் கருவி வாங்கினால் அந்தக் காசு வீண் போகாது.

வெளிச்சமும் ஓட்டமும்

சாமந்தியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில்தான் சாமந்தி பெருமளவு வாழ்கிறது. சாதாரண மீன் தொட்டி லைட் போதாது. பவளத் தொட்டிக்கென்று வரும் எல்இடி வேண்டும். தினம் எட்டு முதல் பத்து மணி நேரம், டைமர் போட்டு. புதுச் சாமந்தி வந்தால் முதல் இரண்டு வாரம் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

ஓட்டம் நடுத்தரமாக இருக்கட்டும். கைகள் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் அதிகம், அசையாமல் தொங்கினால் குறைவு.

இனி சொல்லப்போவதைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். சாமந்தி வாங்கப் போவதற்கு முன்பே தண்ணீரை ஓட வைக்கும் எல்லா வேவ்மேக்கர்களுக்கும் பம்ப் வாய்களுக்கும் ஸ்பாஞ்ச் அல்லது வலை உறை போட்டுவிடுங்கள். இடம் தேடும் சாமந்தி ராத்திரியில் ஊர்ந்து போகும். பம்ப் வாயில் அகப்பட்டால் துண்டு துண்டாகிவிடும். அப்போது வெளியேறும் நஞ்சிலும் அழுகலிலும் காலைக்குள் தொட்டியில் மற்ற உயிர்களும் போய்விடலாம். ஸ்பாஞ்ச் வாரம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும், கழற்றி அலச வேண்டும். அந்தச் சிரமம் பரவாயில்லை.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

அவசரப்படாமல் பத்து நிமிஷம் கண்ணாடி முன் நில்லுங்கள். வாய் மூடியிருக்க வேண்டும். வாய் பிளந்து உள்ளிருப்பது வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் அது சாகிற கட்டம். கீழே இருக்கும் கால் எதிலாவது ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியதைக் கடைக்காரர் இழுத்துப் பிய்க்கிறாரா என்றும் பாருங்கள். கால் கிழிந்த சாமந்தி பிழைப்பது கஷ்டம். ஒரு சின்ன இறால் துண்டு போடச் சொல்லுங்கள். கை அதைப் பிடித்து மெல்ல வாய்க்குக் கொண்டு போக வேண்டும்.

நிறம்தான் புதியவர்களை ஏமாற்றுவது. பழுப்பு, பச்சை, அடர் சிவப்பு, இவை ஆரோக்கியம். பால் மாதிரி வெள்ளையாக, கைகளின் நுனியில் மட்டும் ஊதா தெரிய நிற்பது பார்க்க அழகுதான். உள்ளிருந்த நுண்பாசியெல்லாம் போய்விட்ட, பட்டினி கிடக்கும் சாமந்தி அது. பளீர் மஞ்சள், பளீர் நீலம் என்றால் சாயம் ஏற்றியதாக இருக்கக்கூடும். பாவப்பட்டு வாங்கிக் காப்பாற்றலாம் என்று தோன்றும். முதல் சாமந்தியாக அது வேண்டாம்.

வீட்டுக்கு வந்த நாள்

பையோடு மிதக்க விட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். பிறகு ஒரு வாளியில் பைத் தண்ணீரோடு சாமந்தியை இறக்கி, ஏர் ட்யூப் ஒன்றைத் தொட்டியிலிருந்து விட்டு, நடுவில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு வீதம் விழ வையுங்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகட்டும். வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கீழிருந்து தாங்கித் தூக்குங்கள். பபிள் டிப் என்றால் பாறை இடுக்கு ஒன்றின் மேல் காலை வையுங்கள். தன் காலை நிழலில் ஒளித்துக்கொண்டு கைகளை வெளிச்சத்தில் விரிப்பது அதன் வழக்கம். வேவ்மேக்கரை ஒரு மணி நேரம் நிறுத்திவையுங்கள், கால் பிடிக்கட்டும். அதற்கு மேல் நிறுத்தினால் தண்ணீரில் பிராணவாயு குறையும்.

அப்புறம் கையை வெளியே எடுங்கள். நீங்கள் வைத்த இடத்தில் அது இருக்காமல் போகலாம். பின்பக்கம் போகும், பாறைக்கு அடியில் போகும், கண்ணுக்கே தெரியாத மூலையில் நிற்கும். திரும்பத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தால் ஒவ்வொரு முறையும் காலுக்குக் காயம். சாமந்தி ஊர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் வெளிச்சமோ ஓட்டமோ அதற்குச் சரியில்லை என்று பொருள், அதைச் சரிசெய்யுங்கள். எப்போதாவது ஒரு நாள் சுருங்கி உருண்டையாகக் கிடந்து மறுநாள் விரிவதும் வழக்கம்தான், பழைய தண்ணீரை வெளியே தள்ளுகிறது. சுருங்கியே கிடந்து, வாய் திறந்து, நாற்றமும் வந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள்.

மீனை எப்போது விடுவது? முடிந்தால் சாமந்தி ஒரே இடத்தில் மூன்று நாலு வாரம் நின்ற பிறகு. மீன் ஏற்கெனவே தொட்டியில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அளவு பாருங்கள். சாமந்தியின் விரிவு மீனின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். உள்ளங்கை அளவுச் சாமந்திக்குள் வளர்ந்த டொமாட்டோ மீன் புகுந்து புரண்டால் சாமந்தி விரியவே முடியாமல் நொந்து போகும். புது மீனைத் தனித் தொட்டியில் நாலு வாரம் வைத்துப் பார்த்த பிறகு விடுங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போடும் செம்பு மருந்தைச் சாமந்தி இருக்கும் தொட்டியில் எந்தக் காலத்திலும் ஊற்றக் கூடாது.

சேரும் நேரத்தில் நடப்பது

சாமந்தியின் ஒவ்வொரு கையிலும் கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வேறு மீன் பட்டால் சீறி வெடிக்கும். கோமாளி மீன் தப்புவதற்குக் காரணம் அதன் தோலில் இருக்கும் கோழை. மற்ற மீன்களின் கோழையில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் நிறைய உண்டு. கொட்டும் செல்லைத் தூண்டுவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. கோமாளி மீனின் கோழையில் அது மிகக் குறைவு. குட்டிப் பருவத்தில் சாதாரண அளவில் இருந்து, வெள்ளைப் பட்டை வரும் உருமாற்றக் காலத்தில் குறைந்துவிடுகிறது என்று 2025இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. இதற்கு மேல், குறிப்பிட்ட ஒரு சாமந்தியோடு பழகிக்கொள்ள மீனுக்குச் சற்று நேரமும் தேவைப்படுகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் நாம் தொட்டியில் பார்க்கிறோம்.

நன்றாகக் கவனித்தால் ஒரு வரிசை தெரியும். முதலில் மீன் ஒரு சாண் தள்ளி நின்று சாமந்தியைப் பார்த்தபடி நீந்தும். பிறகு முதுகைத் திருப்பி, வால் நுனியை மட்டும் ஒரு கையில் தொட்டுவிட்டுச் சட்டென்று விலகும், உடலை ஒரு உதறு உதறும். திரும்ப வரும். அடுத்து வயிற்றுப்புறத் துடுப்பு, பிறகு வயிறு. ஒட்டிக்கொண்ட கையைப் பிய்த்துக்கொண்டு ஓடும். சில மீன்கள் கையின் நுனியை வாயால் கவ்விப் பார்க்கும். ஒட்டுவது குறையக் குறைய நெருக்கம் கூடும். கடைசியில் தலை முதல் வால் வரை உள்ளே புரண்டு, இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்து முகத்தை மட்டும் நீட்டிப் பார்க்கும். சில மணி நேரத்தில் முடிவதும் உண்டு, நாட்கணக்கில் நீள்வதும் உண்டு. இந்த நேரத்தில் விளக்கு போட்டு அணைப்பது, கண்ணாடியைத் தட்டுவது, கை விடுவது எல்லாம் கூடாது. உதறி ஓடுவதைப் பார்த்துப் பயந்து மீனைப் பிரித்துவிடாதீர்கள்.

ஜோடியில் ஒன்று போனால் மற்றது பின்னாலேயே போவதைப் பெரும்பாலும் பார்க்கலாம்.

போகவே இல்லை என்றால்

முதலில் மீன் எங்கே தங்குகிறது என்று பாருங்கள். ராத்திரி விளக்கணைந்த பிறகு டார்ச்சை ஓரமாகப் பிடித்துப் பார்த்தால் தெரியும். பம்ப் ஓரத்திலோ, ஹீட்டர் பக்கத்திலோ, ஒரு மூலைக் கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தூங்கும். அதற்கு அதுவே வீடாகிவிட்டது. அந்தப் பொருளை இடம் மாற்றுங்கள். சாமந்தியை நகர்த்தாதீர்கள், மீனின் மூலையை மட்டும் அசௌகரியமாக்குங்கள். வேவ்மேக்கரின் ஓட்டத்தை அந்த மூலைக்குத் திருப்புவதே பல நேரம் போதும். மீன் ஓட்டம் குறைந்த இடம் தேடி நகரும்.

அடுத்து தீனி. தினமும் ஒரே நேரத்தில், சாமந்திக்கு நேர் மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நீளமான குழாயில் தீனியை உறிஞ்சி அதற்கு மேல் விடலாம். ஓரிரு வாரத்தில் மீனுக்கு அந்த இடம் பயமில்லாத இடமாகும். தவறி ஒரு கையில் உடம்பு பட்டால் அங்கிருந்தே மற்றது தொடங்கும்.

அதற்கும் நகரவில்லை என்றால் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், குட்டி மீன்களைப் பிரித்து வைக்க விற்பார்களே, அதில் மீனை விட்டுச் சாமந்திக்குச் சற்று மேலே இரண்டு மூன்று நாள் தொங்கவிடலாம். பிறகு மாலை, விளக்கு மங்கும் நேரத்தில் பெட்டியை மெல்லச் சாய்த்து மீனை வெளியே விடுங்கள். அந்த நேரத்தில் ஒதுங்க இடம் தேடும் மீன் பக்கத்தில் இருப்பதை நாடும். பெட்டிக்குள் பிராணவாயு போகும்படி ஓட்டம் இருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே சாமந்தியும் மீனும் சேர்ந்திருக்கும் படம் ஒட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் நம்புவதில்லை. ஒட்டினால் கெடுதலும் இல்லை. கெடுதல் செய்வது வேறு: வலையால் துரத்திச் சாமந்தி மேல் தள்ளுவது. மிரண்ட மீனின் கோழை வலையில் உரசிப் போகும், அந்த நிலையில் சாமந்தி கொட்டினால் காயமாகும். அதை யாரும் செய்யாதீர்கள்.

எல்லாம் செய்தும் மாதங்கள் ஓடிப் போகலாம். ஒசெல்லாரிஸில் இது சாதாரணம். கோமாளி மீன் சாமந்தி இல்லாமலே தொட்டியில் பத்து வருஷத்துக்கு மேல் நன்றாக வாழும். வேட்டையாடும் மீன் இல்லாத இடத்தில் அதற்குக் காவல் தேவையில்லை. மீன் நன்றாகத் தின்கிறது, சாமந்தி நன்றாக விரிகிறது என்றால் உங்கள் தொட்டியில் எந்தக் குறையும் இல்லை.

சேர்ந்த பிறகு

மீனே தீனியைக் கவ்விக்கொண்டு போய்ச் சாமந்தியின் கையில் வைப்பதைப் பார்ப்பீர்கள். அதன் கழிவில் உள்ள அம்மோனியா நுண்பாசிக்கு உரமாகிறது. ராத்திரி அது துடுப்பை அசைத்துக்கொண்டே இருப்பதால் சாமந்தியைச் சுற்றித் தண்ணீர் ஓடி, பிராணவாயு கிடைக்கிறது. நீங்கள் தனியாகக் கொடுப்பது வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, சுண்டுவிரல் நக அளவு இறால் துண்டு போதும். மீன்காரி அக்காவிடம் உப்பு, ஐஸ் மருந்து எதுவும் படாத இறாலாகக் கேட்டு வாங்கி, தோலுரித்து அலசி, பொடியாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். சாளை (மத்தி) வேண்டாம், எண்ணெய் படலமாக மிதக்கும். பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் துப்பிவிடும், தண்ணீர்தான் கெடும்.

கரண்டுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று கரையோரமே அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை. தொட்டியை நினைக்க யாருக்கும் மனமிருந்திருக்காது. அப்படிப்பட்ட வேளையில் உங்களை எதிர்பார்க்காமல் தானே ஓடும் ஏற்பாடுதான் தேவை. ஒரு வேவ்மேக்கரையாவது இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, கரண்ட் போனால் தானாகத் தொடங்கும் வகை, தொட்டியோடு நிரந்தரமாக மாட்டியிருக்கட்டும். லைட் இரண்டு நாள் இல்லாமல் போனால் சாமந்தி தாங்கும். தண்ணீர் அசையாமல் நின்றால் சில மணி நேரத்தில் ஆபத்து.

ஏதோ காரணத்துக்காக மீனைப் பிரித்துச் சில வாரம் வேறு தொட்டியில் வைத்தால், திரும்ப விடும்போது பழைய உறவு அப்படியே இருக்காது. வால் நுனியிலிருந்து மறுபடி தொடங்கும். அதற்கும் இடம் கொடுங்கள்.

பபிள் டிப் சில சமயம் நடுவில் பிளந்து இரண்டாகும். நன்றாக வளர்ந்ததாலும் பிளக்கும், தண்ணீர் சரியில்லாததாலும் பிளக்கும். அதனால் அன்று முழுச் சோதனையும் செய்து பாருங்கள். இரண்டு வாரம் கழித்து, காயம் ஆறியதும், ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் கொடுக்கலாம். காலைப் பிய்க்காமல், ஒட்டியிருக்கும் கல்லோடு சேர்த்தே கொடுங்கள்.

கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தான். ஜோடியில் வலிமையானது பெண்ணாக மாறும், அதுதான் உருவத்திலும் பெரிதாக வளரும். வளர்ந்த ஜோடி சாமந்தியின் காலுக்குப் பக்கத்தில் பாறையைக் கவ்விக் கவ்விச் சுத்தம் செய்யத் தொடங்கினால் முட்டை வரப்போகிறது. அங்கே ஒரு சின்ன மண் ஓட்டுத் துண்டையோ டைல்ஸ் துண்டையோ சாய்த்து வைத்தால் அதில் இடும். பிறகு எடுப்பது சுலபம். ஆரஞ்சு நிறத்தில் இட்ட முட்டையில் போகப் போக வெள்ளிக் கண்கள் தெரியும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் இருட்டிய பிறகு பொரிக்கும். அந்தச் சமயத்தில் தொட்டிக்குள் கை விட்டால் கடி கிடைக்கும். குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் இரை. அதை வளர்க்க நாளாகும் என்பதால், வளர்க்கும் எண்ணம் இருந்தால் பாறையைச் சுத்தம் செய்வதைக் கண்ட அன்றே ரோட்டிஃபர் வாளியைத் தொடங்கிவிடுங்கள்.